1/48 பஃபலோ கிட்டும் பித்தளைத் துப்பாக்கி செட்டும்: காசு கொடுத்து வாங்கலாமா?

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். பிரூஸ்டர் பஃபலோ என்ற இரண்டாம் உலகப் போர் சண்டை விமானத்தை, நிஜ அளவில் 48இல் ஒரு பங்காக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் கிட் 138 மலேசிய வெள்ளி. அதன் துப்பாக்கிகளை நுணுக்கமாகக் காட்டும் செட் தனியாக 64 வெள்ளி. ஒரு முழு விமானத்தின் விலையில் கிட்டத்தட்டப் பாதியை, மூச்சு பட்டால் மேசையிலிருந்து பறந்துவிடும் நான்கு பித்தளைக் குழல்களுக்கும் ரெசின் என்ற வார்ப்புப் பிசினில் செய்த இரண்டு துண்டுகளுக்கும் கொடுத்திருக்கிறேன். வீட்டில் இந்த இரண்டாவது தொகையைச் சொல்லவில்லை. கிட்டைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். செட்டை, இந்த விமானத்துக்கு நம் வட்டாரத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் வாங்கலாம். தெரியாதவர்களுக்கு அது ஓட்டை போட்ட பித்தளை, அவ்வளவுதான்.

என்னைப் பற்றி இரண்டு வரி. கெடாவில் பீடோங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வயர்மேனாக இருந்தேன். ரப்பரை வெட்டிச் சாய்த்து செம்பனை போட்ட பிறகு ஆலையில் மின்சார வேலை. ஓய்வு பெற்றதும் பிளாஸ்டிக் விமானம் ஒட்ட ஆரம்பித்தேன். கை நடுங்குவதற்குள் ஒட்டிவிட வேண்டிய பெட்டிகள் அலமாரியில் நிறைய இருக்கின்றன.

கடை சுங்கை பட்டாணியில், மணிக்கூண்டிலிருந்து நடந்து போகிற தூரம். கீழே பல் டாக்டர், மேலே இது. படி செங்குத்து, கைப்பிடி ஆடுகிறது, முட்டி வலி உள்ளவர்கள் கீழிருந்தே போன் போட்டால் கல்லாவில் நிற்கும் தம்பி பெட்டியை இறக்கிக் கொண்டுவந்து காட்டுகிறான். நல்ல பையன், சாமான் தெரிந்தவன். நான் இந்தப் பெட்டியை எடுத்தபோது, "அங்கள், இது நம்ம ஊருல இருந்த பிளேன். ஆனா நம்ம ஊரு ஸ்குவாட்ரன் டெக்கால் உள்ள இல்ல, அப்புறம் என்னைத் திட்டாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான். இப்படிச் சொல்லி விற்கிற கடை இப்போது எத்தனை இருக்கிறது?

டெக்கால் என்றால் விமானத்தின் மேல் ஒட்டும் அடையாள ஸ்டிக்கர். அவன் சொன்னது சரிதான். 1941 டிசம்பரில் சுங்கை பட்டாணி விமானத்தளத்தில் இரண்டு படைப்பிரிவுகள் இருந்தன. ஒன்று ஆஸ்திரேலிய விமானப்படையின் 21ஆம் ஸ்குவாட்ரன், பிரூஸ்டர் பஃபலோ. இன்னொன்று பிரிட்டிஷ் 27ஆம் ஸ்குவாட்ரன், இரவுச் சண்டைக்கு மாற்றிய பிளென்ஹைம். டிசம்பர் 8 நள்ளிரவு தாண்டி ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். பொழுது விடிந்த சற்று நேரத்தில் சுங்கை பட்டாணி மேல் குண்டு விழுந்தது. ஓரிரு நாளில் தளத்தையே விட்டுவிட்டுத் தெற்கே பட்டர்வொர்த்துக்குப் போய்விட்டார்கள். கிட்டில் கொடுத்திருக்கும் டெக்கால் 453ஆம் ஸ்குவாட்ரனுடையது, பக்கவாட்டில் டிடி என்ற எழுத்துகள். அவர்கள் டிசம்பர் 22இல் கோலாலம்பூர் வானத்தில் அடி வாங்கியவர்கள். வரலாற்றில் அதுதான் பெரிய சண்டை, அதனால் பெட்டியில் அதைப் போட்டிருக்கிறார்கள். கெடாக்காரனுக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

பிளாஸ்டிக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உடல் இரண்டு பாதியும் பல்லிடுக்கில்லாமல் சேருகின்றன. இறக்கை நடுவில் ஒரே துண்டு, நேராக உட்கார்ந்துவிடும். எஞ்சின் மூடியில்தான் ஒரு கோடு தெரியும், மெல்லிய மணல்தாளில் தேய்த்தால் போகும். கண்ணாடிக் கூண்டில் சட்டங்கள் ஏராளம். டேப் ஒட்டி மறைக்கப் பொறுமை இல்லாதவர்கள், வெட்டி வைத்த ஸ்டிக்கராக விற்கிறார்கள், அதை வாங்குங்கள். அமெரிக்கக் கடற்படைக்காரர்களின் விமானத்தில் வாலடியில் கப்பல் கயிற்றைப் பிடிக்கும் கொக்கி இருக்கும். பிரிட்டிஷார் வாங்கிய 339ஈ வகையில் அது கிடையாது. கிட்டில் இரண்டு வாலும் கொடுத்திருக்கிறார்கள், எதை ஒட்ட வேண்டும் என்று விளக்கத்தாளில் தெளிவாகவே இருக்கிறது. இந்த 339ஈ மொத்தம் 170 வாங்கினார்கள். போர் தொடங்கியபோது மலாயாவிலும் சிங்கப்பூரிலுமாகச் சுமார் 60 தான் பறக்கத் தயாராக இருந்தன.

சரி, துப்பாக்கிக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

கிட்டோடு வரும் துப்பாக்கி என்றால் எஞ்சின் மூடியின் மேல்பக்கம் இரண்டு பள்ளம், இறக்கை முன்விளிம்பில் இரண்டு துளை. உள்ளே ஒன்றும் இல்லை. கிட் தயாரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது, நிஜ விமானத்திலும் வெளியே தெரிவது அவ்வளவுதான். ஆனால் மூக்கின் மேல் தகட்டைத் திறந்து வைத்துக் காட்ட வேண்டும் என்று நினைத்தால் இந்தத் தனி செட் வேண்டும். கடைசலில் பிடித்த நான்கு பித்தளைக் குழல்கள், மூக்குத் துப்பாக்கிகளுக்கு ரெசினில் வார்த்த இரண்டு உடல்பெட்டிகள், அரித்தெடுத்த தகட்டில் தோட்டா பட்டை.

நிஜத் துப்பாக்கி பிரவுனிங் .50, அதாவது குழல் வாய் அரை அங்குலம்; விமானத்துக்கான எம்2 வகை. குழல் மட்டும் 36 அங்குலம், அதாவது 914 மில்லிமீட்டர். 48ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டர். வெர்னியர் வைத்து அளந்தேன், அச்சாக 19 இருந்தது. முழு நீளம் நிஜத்தில் ஏறக்குறைய 1.45 மீட்டர், மாதிரியில் 30 மில்லிமீட்டர் வர வேண்டும், வருகிறது. குழல் வாய் 12.7 மில்லிமீட்டர், மாதிரியில் அது கால் மில்லிமீட்டர்தான். அந்தக் கால் மில்லிமீட்டரையும் துளைத்திருக்கிறார்கள்! பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, யாரோ ஒரு கடைசல்காரன் எங்கோ உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறானே என்று கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. குழலைச் சுற்றி ஒரு உறை, உறை முழுக்க வட்ட ஓட்டைகள். தரையில் பயன்படும் பிரவுனிங்கில் குழல் தடித்திருக்கும், மொத்த எடை 38 கிலோ. விமானத்தில் எதிர்க்காற்றே குழலைக் குளிரவைக்கும் என்பதால் குழலை மெலிதாக்கி, ஓட்டை போட்ட உறையை மாட்டி, 29 கிலோவுக்கு இறக்கினார்கள். குழல் லேசானதால் அசைவும் வேகம் பிடித்தது. தரைத் துப்பாக்கி நிமிடத்துக்கு 500 வாக்கில் சுட்டால், விமானத் துப்பாக்கி 750 முதல் 850 வரை.

ரெசின் உடல்பெட்டியின் மேல்மூடி தனித் துண்டு. திறந்து வைத்தால் உள்ளே போல்ட்டின், அதாவது தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் இரும்புக் கட்டையின் முதுகு தெரிகிறது, அந்த முதுகில் சாய்வாக ஓடும் பள்ளமும் தெரிகிறது. பள்ளத்தைப் பார்த்ததும் எனக்கு 64 வெள்ளி வலிக்கவில்லை. துப்பாக்கி வேலை செய்யும் விதத்தில் பாதி அந்தப் பள்ளத்தில்தான் இருக்கிறது.

இந்தத் துப்பாக்கியை வடிவமைத்த அமெரிக்கர் ஜான் பிரவுனிங் போட்ட கணக்கு இது. தோட்டா வெடிக்கும்போது குழலும் அதன் பின்னால் உள்ள போல்ட்டும் ஒரு பூட்டுக்கட்டையால் பிணைந்திருக்கும். உதைப்பில் இரண்டும் சேர்ந்தே பின்னால் வரும், கொஞ்ச தூரம்தான். அதற்குள் குண்டு வாயை விட்டு வெளியே போயிருக்கும், உள்ளே அழுத்தம் தணிந்திருக்கும். அப்போதுதான் பூட்டுக்கட்டை கீழே இறங்கி போல்ட்டை விடும். முன்பே விட்டால் ஓடு பிளந்து எல்லாம் போச்சு. குழல் நின்றுவிடும், ஆனால் அதன் வேகத்தை வீணாக்குவதில்லை. ஆக்சிலரேட்டர் என்று நகம் மாதிரி வளைந்த ஒரு துண்டு, குழலிடமிருந்து உதையை வாங்கி போல்ட்டுக்குக் கொடுக்கும். கேரம் பலகையில் ஸ்டிரைக்கர் நின்றுவிடக் காய் பறக்கிறதே, அதேதான். போல்ட் தனியாகப் பின்னால் ஓடும். ஓடும்போது அதன் முகத்தில் காலி ஓடு தொற்றிக்கொண்டு வரும். மேலே ஒரு கொக்கி, பட்டையிலிருந்து புதுத் தோட்டாவைப் பின்பக்கமாக உருவிக்கொண்டு வரும். புதுத் தோட்டா கீழே இறங்கிக் காலி ஓட்டை வெளியே தள்ளும். நான் சொன்ன பள்ளத்தில் ஒரு நெம்புகோலின் நுனி உட்கார்ந்திருக்கிறது. போல்ட் முன்னும் பின்னும் போக, நெம்புகோல் இடமும் வலமும் ஆடி, பட்டையை ஒரு தோட்டா அளவு இழுத்துப் போடும். பெரிய ஸ்பிரிங் போல்ட்டை முன்னால் தள்ளும், பூட்டுக்கட்டை ஏறும், ஊசி குத்தும். இத்தனையும் நொடிக்குப் பதின்மூன்று தடவை. மோட்டார் கிடையாது, வெளியிலிருந்து சக்தி கிடையாது. ஒரு தோட்டாவின் உதைப்பே அடுத்த தோட்டாவை ஊட்டுகிறது.

மேல்மூடியைத் திறந்து வைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தால் இத்தனையும் கண்ணுக்குள் ஓடும். மூடி வைத்து ஒட்டுகிறவர்களுக்கு இந்த செட் எதற்கு?

இப்போது குறை. இரண்டு உடல்பெட்டிகளையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள். இரண்டுக்கும் தோட்டா பட்டை இடப்பக்கமிருந்துதான் வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துப்பாக்கி இருக்கும் மூக்கில், இடப்பக்கத் துப்பாக்கிக்கு வெளிப்பக்கத்திலிருந்து பட்டை வரலாம்; வலப்பக்கத் துப்பாக்கிக்கு நடுச்சந்திலிருந்தா வரும்? அங்கே விரல் நுழையவே இடமில்லை. இந்தச் சிக்கலைத் தீர்த்ததால்தான் எம்2 என்ற பெயரே வந்தது. முதல் உலகப் போரின் கடைசியில் அமெரிக்கத் தளபதி பெர்ஷிங் பெரிய தோட்டா கேட்டார், பிரவுனிங் தன் .30 துப்பாக்கியையே பெரிதாக்கிக் கொடுத்தார், 1921இல் ஒரு வடிவம் வந்தது. அதில் பட்டை ஒரு பக்கமிருந்துதான் போகும். பிரவுனிங் 1926இல் பெல்ஜியத்தில் இறந்தார். அதன் பிறகு அமெரிக்க ராணுவத்தின் கிரீன் என்பவர் உட்கார்ந்து, சில பாகங்களைத் திருப்பிப் போட்டாலே இடமோ வலமோ எந்தப் பக்கமிருந்தும் ஊட்டலாம் என்று ஆக்கினார். 1933இல் எம்2 வந்தது. ஒரே உடல்பெட்டியை விமானத்திலும் வைக்கலாம், டாங்கியிலும் வைக்கலாம், கப்பலிலும் வைக்கலாம் என்றானது. அந்தப் புத்திசாலித்தனத்தைத்தான் ரெசின்காரர்கள் ஒரு அச்சு மிச்சம் பிடிப்பதற்காக விட்டுவிட்டார்கள். வலப்பக்கத் துண்டை நான் சீவி, பிளாஸ்டிக் பட்டை வைத்து மாற்றினேன். 64 வெள்ளி வாங்கிக்கொண்டு இந்த வேலையை என்னிடம் தள்ளியிருக்க வேண்டாம்.

தோட்டா பட்டையும் சுமார்தான். தகட்டில் அரித்தெடுத்தது, தட்டையாக இருக்கிறது. நிஜத்தில் உலோகக் கண்ணிகள் ஒவ்வொரு தோட்டாவையும் அடுத்ததோடு கோத்திருக்கும். தோட்டாவை உருவியதும் கண்ணி கழன்று தனியாக விழுந்துவிடும். துணிப் பட்டை போல வால் தொங்காது. தகட்டுப் பட்டையில் அந்த உருட்சி வரவில்லை. மெல்லிய செம்புக் கம்பியை வெட்டி அடுக்கினால் இதைவிட நன்றாக இருக்கும், என்னிடம் கம்பிக்குப் பஞ்சமா?

ஒரு .50 தோட்டா கையில் எவ்வளவு கனம் என்பது இந்தத் தலைமுறைக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரு பெரியவர் சாமிப்படத்துக்கு முன்னால் ஊதுபத்தி குத்த ஒரு பித்தளை ஓடு வைத்திருந்தார். பால்வெட்டப் போன இடத்தில் வாய்க்கால் மண்ணில் கிடைத்ததாம். உயரம் சரியாக என் உள்ளங்கை அகலம், கழுத்து ஒடுங்கி, அடியில் ஒரு காடி. வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டு விளக்கி வைப்பார். எந்த விமானத்திலிருந்து விழுந்தது என்று ஓடு சொல்லாது, ஆனால் பத்து சென்டிமீட்டர் உயரத்தைப் பார்த்தால் இந்த .50 வகையாகத்தான் இருக்க வேண்டும். வெடிக்காத முழுத் தோட்டா சுமார் 115 கிராம். அன்றைய பிரிட்டிஷ் .303 தோட்டா, அதைவிடச் சின்ன வாய்த் துப்பாக்கிக்கானது, 25 கிராம்தான்.

இந்தக் கணக்குதான் மலாயாவில் பஃபலோவின் தலையெழுத்தைப் பிடித்து ஆட்டியது. அதனால்தான் செட் வாங்குவதற்கு முன் எந்த விமானத்தை ஒட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் செய்து வந்த பஃபலோவில் நான்கு .50. மூக்கில் இரண்டு, இறக்கையில் இரண்டு. அடி பலம்: குண்டு 45 கிராமுக்கு மேல், நொடிக்கு 870 மீட்டர் வாக்கில் போகும். ஆனால் விமானம் தொந்தியும் தொப்பையுமாக ஏறத் தடுமாறியது. எதிரே வந்ததோ இறகு மாதிரி லேசான ஜப்பானிய விமானங்கள். போர் தொடங்கிய பிறகு நம் பக்கத்து ஸ்குவாட்ரன்களில் கையில் கிடைத்ததையெல்லாம் கழற்றிப் போட்டு எடையைக் குறைத்தார்கள். கவசத் தகடு, கேமரா, தேவையில்லாத கருவிகள் எல்லாம் வெளியே. சில விமானங்களில் .50ஐயும் கழற்றி பிரிட்டிஷ் .303 பிரவுனிங்கை மாட்டினார்கள். .303 ஒன்று 10 கிலோ. ஒன்றை மாற்றினால் துப்பாக்கியில் மட்டும் 19 கிலோ மிச்சம், தோட்டாவில் மிச்சம் தனி.

அந்த .303க்கும் ஒரு கதை உண்டு. 1934இல் பிரிட்டிஷ் விமானப்படை பல துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்து பிரவுனிங்கைத் தேர்ந்தெடுத்தது, பர்மிங்காமின் பிஎஸ்ஏ கம்பெனி உரிமம் வாங்கிச் செய்தது. மோட்டார் சைக்கிள் செய்தார்களே, அவர்கள்தான். என் தகப்பனார் காலத்துக் கிராணி ஒருவர் அந்த வண்டியில் தோட்டத்தைச் சுற்றியதாகச் சொல்வார்கள். பிரிட்டிஷ் தோட்டாவில் கார்டைட் என்ற மருந்து. குழல் சூடாகியிருக்கும்போது தோட்டா உள்ளே காத்திருந்தால், விசையை அழுத்தாமலே அது வெடித்துவிடும் ஆபத்து. அதனால் சுடுவதை நிறுத்தியதும் போல்ட் பின்னாலேயே நின்றுகொள்ளும்படி மாற்றினார்கள். குழல் காலியாக இருக்கும், காற்று உள்ளே போய் ஆறும். நிமிடத்துக்கு 1,150 தோட்டா. ஹரிகேன், ஸ்பிட்ஃபயர் என்ற பிரிட்டிஷ் சண்டை விமானங்களில் எட்டு வைத்தது இதைத்தான். சுங்கை பட்டாணியில் நின்ற பிளென்ஹைம்களின் வயிற்றடியில் ஒரு பெட்டி தொங்கும், அதில் நான்கு இதே .303.

ஆக, உங்கள் மாதிரி டிசம்பர் தொடக்கத்து விமானம் என்றால் .50 செட் பொருந்தும். எடை குறைத்த பிந்திய விமானம் என்றால் .303 குழல்கள் தனியாக வாங்க வேண்டும், அவை இன்னும் ஒல்லி. கிட்டின் விளக்கத்தாள் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இனி என் சொந்தத் தொழிலோடு ஒட்டிய விஷயம். பஃபலோவைப் பற்றிப் பேசுகிறவர்கள் விமானம் மட்டம், ஜப்பான் விமானம் உயர்வு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அன்றைய புகார்களில் திரும்பத் திரும்ப வருவது வேறொன்று: குறி பார்த்து, விசையை அழுத்தினால், துப்பாக்கி சுடவில்லை. .50 பிரவுனிங் உலகத்தில் இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது, அதைக் குறை சொல்ல யாராலும் முடியாது. மக்கர் செய்தது துப்பாக்கியைச் சுடவைக்கும் ஏற்பாடு.

விமானி கட்டைவிரலால் ஒரு பொத்தானை அழுத்துகிறார். கம்பி வழியாக மின்சாரம் போய், துப்பாக்கியின் பக்கத்தில் உள்ள சொலனாய்டு என்ற மின்காந்தச் சுருள் இழுத்து விசையைத் தட்ட வேண்டும். மூக்குத் துப்பாக்கிக்கு இன்னொரு தொல்லை, சுழலும் விசிறியின் இதழ்களுக்கு நடுவில் சுட வேண்டும். எஞ்சினோடு சுழலும் ஒரு கேம், அதாவது மேடு வைத்த சக்கரம், இதழ் குறுக்கே இல்லாத நேரத்தில் மட்டும் சுட அனுமதி கொடுக்கும். அதனால் மூக்குத் துப்பாக்கியின் வேகம் எப்போதும் இறக்கைத் துப்பாக்கியைவிடக் குறைவு. போல்ட் பின்னால் நின்று காத்திருக்கும் .303க்கு இந்த ஒத்திசைவு சரிப்படாது. ஓடி வந்து பூட்டுவதற்குள் இதழ் வந்துவிடும். போல்ட் மூடியே காத்திருக்கும் .50க்குத்தான் சரிப்படும். இந்தக் கேம், கம்பி, சொலனாய்டு எதுவும் நம் ஊர் ஈரத்தை நினைத்துப் போட்டவையாக எனக்குத் தெரியவில்லை.

நம் ஊர்க் காற்றைப் பற்றி எனக்குத் தெரியும். ஜெராய் மலையில் மேகம் இறங்கினால் ஆலை சுவிட்ச் பெட்டிக்குள் பச்சை பூக்கும். மூடி இறுக்கித்தான் வைத்திருப்போம், ரப்பர் வாஷர் போட்டுத்தான் வைத்திருப்போம், இருந்தாலும் காலையில் கான்டாக்டர் ஒட்டாது. மண்ணெண்ணெய்த் துணியும் சின்ன அரமும் எப்போதும் என் சட்டைப்பையில் இருக்கும். திறந்தவெளித் தளத்தில், பகலில் வெயிலில் காய்ந்து இரவில் பனியில் நனைந்து நின்ற விமானத்தில், கைவிரல் நுழையாத இறக்கைக்குள் இருக்கும் சொலனாய்டை யார் தினமும் துடைப்பது? ஆயுதத்தைத் துடைக்கும் ஆட்கள் குறைவு, மாற்றுச் சாமான் குறைவு, சுட்டுப் பழகவும் நேரமில்லை. ஒரு வயர்மேனாக என் தீர்ப்பு இதுதான், போர் நிபுணர்கள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை.

அதனால்தான் செட்டில் சொலனாய்டையே காணவில்லை என்றபோது எரிச்சல் வந்தது. உடல்பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்ன உருளை, அதிலிருந்து ஒரு கம்பி, அவ்வளவுதானே கேட்கிறோம்? பித்தளை வாயைக் கால் மில்லிமீட்டர் துளைத்த கை, கதையின் முக்கியமான பாகத்தை விட்டுவிட்டது. நான் ஊசி முனையளவு பிளாஸ்டிக் குச்சியை வெட்டி ஒட்டி, பழைய டெலிபோன் கம்பியிலிருந்து உருவிய ஒரு இழையை வளைத்து மாட்டினேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் குழலைத்தான் பார்க்கிறார்கள், இதை யாரும் கேட்பதில்லை.

கடையில் பஃபலோ பெட்டிக்குப் பக்கத்திலேயே ஜப்பானிய ஹயபுசா சண்டை விமானக் கிட்டையும் அடுக்கியிருக்கிறார்கள், அதே 1/48. தம்பி வேண்டுமென்றே வைத்தானோ என்னவோ. மேஜர் கத்தோ தலைமையிலான 64ஆம் படைப்பிரிவு மலாயாவில் ஓட்டியது இதைத்தான். மூக்கில் இரண்டே துப்பாக்கி. தொடக்கத்தில் இரண்டும் 7.7 மில்லிமீட்டர், விக்கர்ஸ் வழி வந்தவை. பிறகு ஒன்றை எடுத்துவிட்டு 12.7 மில்லிமீட்டர் ஹோ-103 வைத்தார்கள். இந்த ஹோ-103 வேறு யாருமில்லை, பிரவுனிங்கின் பங்காளி. அதே குழல் உதைப்பு, அதே பூட்டுக்கட்டை. தோட்டா மட்டும் குட்டை, ஓடு 99க்குப் பதில் 81 மில்லிமீட்டர். குட்டைத் தோட்டா என்பதால் துப்பாக்கி 23 கிலோவில் அடங்கியது, வேகமாகவும் சுட்டது, ஆனால் குண்டின் பாய்ச்சல் குறைவு. ஆக நம் தலைக்கு மேல் சண்டை போட்ட இரண்டு பக்கமும் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் பிரவுனிங்கின் யோசனையைத்தான் கையில் வைத்திருந்தது. ஒருவருக்கு அது கனமாக இருந்தது, இன்னொருவருக்கு லேசாக இருந்தது.

கீழே லயத்தில் இருந்தவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரிந்திருக்காது. சத்தம் கேட்டால் ரப்பர் மரத்தடிக்கு ஓடினார்கள், பிறகு ஜப்பானியர் சயாம் ரயில் பாதைக்கு ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி எழுதினால் விமர்சனம் வேறு பக்கம் போய்விடும்.

பெயின்ட் பற்றி ஒரு வரி: மேல்பக்கம் பழுப்பும் பச்சையும், கடையிலேயே கிடைக்கிறது. டெக்கால் மெலிது, சுடுதண்ணீரில் போடாதீர்கள், சுருண்டுவிடும். பித்தளைக்கு நேராகக் கறுப்பு அடித்தால் உரியும், அடியில் பிரைமர் வேண்டும். கறுப்பு அடித்த பிறகு பென்சில் கரியை விரலில் எடுத்து லேசாகத் தேய்த்தால் ஓட்டைகளின் விளிம்பு இரும்பாக மின்னும். ரெசினைத் தேய்க்கும்போது முகமூடி போடுங்கள், அந்தத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. குழலை ஒட்ட சூப்பர் க்ளூவைக் குண்டூசி முனையில் எடுத்தால் போதும். கொஞ்சம் அதிகமானால் உறையின் ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும், பிறகு திறக்க வழியே இல்லை.

நான் கடையில் நின்றபோது ஒருவர் முழு அளவு துப்பாக்கி மாதிரி வரவழைத்துத் தர முடியுமா என்று கேட்டார். தம்பி, "அங்கள், அது பொம்மையா இருந்தாலும் போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பெட்டியை எடுத்து வேறு பக்கம் போய்விட்டான். நம் நாட்டு 1960ஆம் வருட ஆயுதச் சட்டம் போலித் துப்பாக்கியையும் சும்மா விடுவதில்லை. 30 மில்லிமீட்டரோடு ஆசையை நிறுத்திக்கொள்வது எல்லாருக்கும் நல்லது.

கடை மேல் ஒரே வருத்தம், செட் ஸ்டாக் இருப்பதில்லை. சொல்லி வைத்தால்தான் வரும், வரும் என்று சொன்ன வாரத்தில் வராது. எனக்கு முதலில் 1/72 செட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அளவைப் பார்த்ததும் திருப்பிவிட்டேன். முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். பஃபலோவை மூக்கு மூடியே ஒட்டப்போகிறவர்கள் கிட்டோடு நின்றுவிடலாம், 64 வெள்ளிக்கு பெயின்ட் வாங்கிக்கொள்ளுங்கள். திறந்து வைக்கப்போகிறவர்கள் பாதிப் பணத்தை முன்பணமாகக் கட்டி, பெட்டி மேல் 1/48 என்று இருக்கிறதா என்று கல்லாவிலேயே பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். .303 குழல் செட்டும் கேட்டு வைத்திருக்கிறேன். அது 41 வெள்ளி சொல்கிறான்.